“எப்போ டாக்டர் மருந்து வரும்?”

மூளை நோய்கள் பற்றி ஓர் ஆராய்ச்சியாளர் பேசுகிறார் என்றால், ஜூம் கூட்டமோ கல்லூரி அரங்கமோ, கடைசிப் பத்து நிமிடம் ஒரே மாதிரிதான் போகும். முதலில் கை தூக்குவது ஓர் அப்பாவோ அம்மாவோ. “இதுக்கு எப்போ டாக்டர் மருந்து வரும்?” மேடையில் இருப்பவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, “இன்னும் அஞ்சு பத்து வருஷத்துல நல்ல செய்தி வரலாம்” என்பார். அடுத்த கை: “பையனுக்கு ரிஸ்பெரிடோன் நாலு எம்ஜி ஓடுது, குறைக்கலாமா?” “உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.” நேரம் முடிந்தது, நன்றியுரை.

கேட்டவர்கள் மேல் குறையில்லை. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் உலகத்தில் யாரிடமும் இல்லை. இரண்டாவதற்கு, பையனைப் பார்க்காமல் பதில் சொல்பவர் நல்ல மருத்துவராக இருக்க முடியாது. மேடையில் இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி வேறு: எதை அளந்தார்கள், எந்த அளவுகோலால், யார் யாரிடம், எத்தனை நாள். அது ஸ்லைடின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். சர்க்கரை நோய்க்கு ரத்தத்தைச் சோதித்தால் ஒரு எண் கிடைத்துவிடும். மனச்சிதைவுக்கு, அதாவது ஸ்கிசோஃப்ரினியாவுக்கு, அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசி, மதிப்பெண் போட வேண்டும். அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் கோடிக்கணக்கான டாலர் புரளுகிறது.

பான்ஸ் என்கிற அளவுகோல்

மனச்சிதைவு மருந்துச் சோதனை எதுவானாலும் ‘பான்ஸ்’ என்ற சொல் காதில் விழும். 1987-இல் வெளியான அளவுகோல். மொத்தம் 30 கேள்வித் தலைப்புகள்: பிரமை, காதில் குரல் கேட்பது, சந்தேகம் போன்றவற்றுக்கு 7, ஒதுங்கியிருப்பது, பேச்சு வற்றிப்போவது, முகத்தில் உணர்ச்சி இல்லாதது போன்றவற்றுக்கு 7, பதற்றம், குற்ற உணர்வு, கவனக்குறைவு என்று பொதுவானவற்றுக்கு 16. பயிற்சி பெற்ற ஒருவர் முக்கால் மணி நேரம்போலப் பேசிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போடுவார். 1 என்றால் அந்தத் தொந்தரவே இல்லை. 7 என்றால் உச்சம்.

குரல் கேட்பதையே எடுத்துக்கொள்வோம். எப்போதாவது ஒன்றிரண்டு தடவை தெளிவாகக் கேட்கிறது, நடத்தை மாறவில்லை என்றால் 3. அடிக்கடி கேட்கிறது, ஆனால் விட்டுவிட்டு. வேலையும் பேச்சும் கொஞ்சம்தான் பாதிக்கிறது என்றால் 4. குரலுக்கு இவர் பதில் பேசத் தொடங்கி, யோசனையே அதன்படி வளைகிறது என்றால் 5-ஐத் தொடும். ஒரு எண் ஏறி இறங்குவது சின்ன விஷயமாகத் தெரியும். வீட்டில் அது, இரவு இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் சண்டை போடுவதற்கும் போர்வைக்குள் முணுமுணுப்பதற்கும் உள்ள தூரம்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. ‘ஆர்வமின்றி ஒதுங்கியிருப்பது’ என்ற தலைப்புக்கு மதிப்பெண், நோயாளி சொல்வதை வைத்துப் போடுவதில்லை. வீட்டாரோ பராமரிப்பவரோ சொல்வதை வைத்துத்தான். “சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு வந்தான், ஆனா பந்தியில தனியா உக்காந்தான்” என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி ஆய்வுக்குள் எண்ணாக நுழைகிறது. சோதனையில் சேர்ந்திருக்கும் ஒருவரின் வீட்டார் “பரவால்ல, நல்லாதான் இருக்கான்” என்று மழுப்பினால், கெடுவது அந்த எண்தான். கடந்த ஒரு வாரத்தில் வெளியே போனது எத்தனை முறை, தானாகவா கூப்பிட்டா, யாரோடு பேசினார் என்று சொல்வதுதான் உபயோகம்.

இப்போது ஒரு கணக்கு. எல்லாமே 1 என்றாலும் பான்ஸ் மொத்தம் 30 வரும். அதாவது நோயே இல்லாதவருக்கும் 30. அளவுகோலின் பூஜ்யம் 30-இல் இருக்கிறது. சதவீதக் கணக்கு போடும்போது இதைக் கழிக்காமல் விட்டுவிடுவது ஆய்வுக் கட்டுரைகளிலேயே நடந்திருக்கிற பிழை. ஒருவருக்கு 60 மதிப்பெண், மருந்துக்குப் பிறகு 45. அப்படியே வகுத்தால் 15/60, அதாவது 25 சதவீத முன்னேற்றம். 30-ஐக் கழித்துவிட்டு வகுத்தால் 15/30: 50 சதவீதம். ஆள் அதே ஆள், மருந்து அதே மருந்து. “நூற்றுக்கு இத்தனை பேருக்குக் குணம் தெரிந்தது” என்று பேச்சாளர் சொன்னால், கேட்க வேண்டியது: “குணம் என்பதற்கு எத்தனை சதவீதம் குறைய வேண்டும் என்று வைத்தீர்கள்? 30-ஐக் கழித்தீர்களா?” தோராயமாக, 20 சதவீதம் குறைந்தால் மருத்துவர் கண்ணுக்கு ‘லேசாகத் தேவலை’, 50 சதவீதம் குறைந்தால்தான் ‘நன்றாகத் தேவலை’.

வெற்று மாத்திரைக்காரர்களுக்கு என்ன ஆச்சு?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். அண்மைய கதை ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

1950-களில் குளோர்புரோமசின் வந்ததிலிருந்து மனச்சிதைவு மருந்துகள் எல்லாமே, ஏதோ ஒரு விதத்தில், டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பியைத் தொட்டுத்தான் வேலை செய்தன. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த சனோமெலின்–ட்ரோஸ்பியம் கூட்டு மருந்து (வணிகப் பெயர் கோபென்ஃபி) வேறு வழியில் போகிறது; அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனத்துக்கான மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டுகிறது. சனோமெலின் புதிது இல்லை. 1990-களிலேயே மறதி நோயான அல்சைமருக்காகச் சோதித்தார்கள். பிரமைகள் குறைந்தன, ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தாங்கவில்லை, அலமாரியில் வைத்துவிட்டார்கள். பிறகு ஒரு யோசனை: மூளைக்குள் அவ்வளவாகப் போகாத ட்ரோஸ்பியத்தை, அது சிறுநீர்ப்பை தொந்தரவுக்குத் தரும் பழைய மருந்து, கூடவே கொடுத்தால் உடம்பின் ஏற்பிகள் அடங்கியிருக்கும், மூளையில் மட்டும் வேலை நடக்கும். அழகான சிந்தனை. ஒட்டகத்துக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி. முழுக்க அடங்கவில்லை, குமட்டல், மலச்சிக்கல் இன்னும் உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ, தினமும் இரண்டு வேளை விழுங்க வேண்டும். ஈரல் பரிசோதனை வேண்டும். சிறுநீர் அடைப்பு இருப்பவர்களுக்கு ஆகாது.

இந்தக் கூட்டு மருந்தின் எமர்ஜென்ட்-2 என்ற சோதனையில் 252 பேர். ஐந்து வாரம், மருத்துவமனையில் தங்கவைத்து. மருந்து எடுத்தவர்களுக்கு பான்ஸ் சராசரியாக 21.2 குறைந்தது. “இருபத்தொரு புள்ளி!” என்று ஸ்லைடு சொல்லும். வெற்று மாத்திரைக்காரர்களுக்கும், அதாவது பார்க்க மருந்து மாதிரியே இருந்து உள்ளே மருந்தே இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களுக்கும், 11.6 குறைந்தது. மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் 9.6 புள்ளி. நல்ல எண்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 21 வேறு, 9.6 வேறு.

வெற்று மாத்திரைக்கு ஏன் 11 புள்ளி குறைகிறது? தங்குமிடம், நேரத்துக்குச் சாப்பாடு, தினமும் யாராவது உட்கார்ந்து பேசுவது, இவையெல்லாம் ஒரு காரணம். நோய் உச்சத்தில் இருக்கும்போது சேர்ப்பதால் தானாகவே கொஞ்சம் தணிவது இன்னொன்று. மூன்றாவது, கொஞ்சம் சங்கடமானது. சேர்வதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் 80 என்று விதி வைத்தால், 77 வரும் ஆளுக்கு மதிப்பெண் போடுபவரின் கை தன்னையறியாமல் 80-ஐ நோக்கிச் சாயும். ஆள் சேர வேண்டும், மையத்துக்கு எண்ணிக்கை வேண்டும். சேர்ந்த பிறகு அந்தச் சாய்வு நீங்கிவிடும். இரண்டு பக்கத்திலும் மதிப்பெண் ‘குறையும்’. இதைத் தவிர்க்கத்தான் சில சோதனைகளில் மதிப்பெண் போடுபவரை வேறு ஊரில் உட்காரவைத்து வீடியோவில் பேசவைக்கிறார்கள். இது எத்தனையாவது வருகை என்றுகூட அவரிடம் சொல்வதில்லை. “மதிப்பெண் போட்டவர் மையத்திலேயே இருந்தாரா, வெளியிலிருந்தா?” என்று ஒருவர் கேட்டால், பேச்சாளர் நிமிர்ந்து உட்காருவார்.

வெற்று மாத்திரை எவ்வளவு பெரிய பள்ளம் என்பதற்கு எம்ராக்ளிடின் சாட்சி. இதுவும் மஸ்கரினிக் வகை. இந்த மருந்துக்காகவும் இன்னும் சிலவற்றுக்காகவும் ஆப்வி நிறுவனம் செரெவெல் நிறுவனத்தையே சுமார் 870 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 நவம்பரில் இரண்டு சோதனைகளின் முடிவும் வந்தது. ஒன்றில் வெற்று மாத்திரைக்காரர்களுக்கே 13.5 புள்ளி குறைந்திருந்தது, மற்றொன்றில் 16.1. மருந்தால் அதைத் தாண்டித் தெளிவாக மேலே போக முடியவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா, அளவீடு வேலை செய்யவில்லையா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

கோபென்ஃபிக்குத் திரும்புவோம். இங்கே குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு கேள்வி இருக்கிறது: “தனியாகக் கொடுத்தீர்களா, ஏற்கெனவே ஓடும் மருந்தோடு சேர்த்தா?” எமர்ஜென்ட் சோதனைகளில் பழைய மருந்தை நிறுத்திவிட்டுத் தனியாகக் கொடுத்தார்கள். நடைமுறையில் எந்த வீட்டிலும் ஓடுகிற மருந்தை அப்படி நிறுத்தப் பயப்படுவார்கள், பயப்படுவதில் நியாயமும் உண்டு. சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அரைஸ் என்ற சோதனையின் முடிவு 2025 ஏப்ரலில் வந்தது. வெற்று மாத்திரையைவிட 2 புள்ளிதான் அதிகம் குறைந்தது; தற்செயலாக வந்திருக்க முடியாது என்று சொல்லும் அளவுக்கு அது போதவில்லை. மருந்து ஒன்றேதான். கேள்வி மாறியதும் பதிலும் மாறிவிட்டது.

‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல்லால் வரும் வினை

ஆங்கிலப் பேச்சைத் தமிழில் சொல்பவர்கள் ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்பார்கள். கேட்பவர் காதில் அது ‘பெரிய முன்னேற்றம்’ என்று விழும். புள்ளியியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள், ‘இந்த வித்தியாசம் குருட்டு அதிர்ஷ்டத்தால் வந்திருக்க வாய்ப்பு குறைவு’ என்பது மட்டுமே. எவ்வளவு பெரிது என்று அது சொல்லவே இல்லை. ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்தால் கடுகளவு வித்தியாசமும் ‘குறிப்பிடத்தக்க’ ஆகிவிடும்.

அல்சைமர் மருந்தான லெகனெமாப் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அல்சைமரின் தொடக்கக் கட்டத்தில் இருந்த 1,795 பேர், 18 மாதம். செய்திகளில் வந்தது: நோய் முற்றுவது 27 சதவீதம் மந்தமானது. அளந்த அளவுகோல் 0 முதல் 18 வரை போகும். எண் கூடக் கூட நிலைமை மோசம். வெற்று மருந்துக்காரர்கள் 1.66 மோசமானார்கள், லெகனெமாப் பெற்றவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. இரண்டு எண்ணும் உண்மை. 18-க்கு 0.45 என்று ஒருவர் சொல்வார், 27 சதவீதம் என்று இன்னொருவர் சொல்வார். வீட்டில் உட்கார்ந்து முடிவெடுப்பவருக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

மறுபக்கக் கணக்கும் உண்டு. சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப் ஏற்றினார்கள். இடையிடையே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மூளையில் நீர்கோத்த வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது 12.6 சதவீதம் பேருக்கு. வெற்று மருந்தில் 1.7. பலருக்கு அறிகுறியே இல்லாமல் அடங்கிவிடுகிறது, சிலருக்கு இல்லை. அபோ-ஈ4 என்ற மரபணு வகை அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்து இரண்டு பிரதி இருந்தால் ஆபத்து பல மடங்கு. பெயரையே மறந்துபோகும் கட்டத்துக்கு வந்துவிட்ட பாட்டிக்கு இது கிடையாது. சோதனை நடந்தது அவர் மாதிரியானவர்களிடம் இல்லை.

இன்னும் மூன்று சொற்களைப் பிரித்துக் கேட்கப் பழகுவது நல்லது. ‘ரெஸ்பான்ஸ்’ என்றால் மதிப்பெண் குறிப்பிட்ட அளவு இறங்கியது. டிப்ரஷனில் வழக்கமாகப் பாதி. ‘ரெமிஷன்’ என்றால் அறிகுறிகள் ஏறக்குறைய இல்லை. மனச்சிதைவில் இதற்கு 2005-இல் ஒரு வரையறை போட்டார்கள்: பான்ஸில் முக்கியமான எட்டுத் தலைப்புகள் ஒவ்வொன்றும் 3 அல்லது அதற்குக் கீழ், அதுவும் தொடர்ந்து ஆறு மாதம். ‘ரிகவரி’ என்றால் வேலை, நட்பு, குடும்பம் என்று வாழ்க்கைக்குத் திரும்புவது. பேச்சாளர் முதலாவதைச் சொல்லிக்கொண்டிருப்பார், கூட்டம் மூன்றாவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பாதியில் போனவர்கள்

டிப்ரஷன் மருந்து ஆய்வுகளில் ஸ்டார்-டி மிகப் பெரியவற்றில் ஒன்று. அமெரிக்காவில் 4,041 பேரைச் சேர்த்தார்கள். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்தது, அதுவும் கேட்கவில்லை என்றால் இன்னொன்று, இப்படி நான்கு படி. 2006-இல் சொன்ன முடிவு, நான்கு படிக்குள் சுமார் 67 சதவீதம் பேருக்கு ரெமிஷன். பல வருடம் இந்த எண்ணை எல்லா மேடையிலும் கேட்டிருப்போம். அந்தக் கணக்குக்கு அடியில் ஓர் அனுமானம் இருந்தது: பாதியில் விட்டுப் போனவர்கள் தொடர்ந்திருந்தால், தொடர்ந்தவர்களைப் போலவே அவர்களுக்கும் குணமாகியிருக்கும் என்று. அசல் தரவை எடுத்து, முதலில் எழுதிவைத்த விதிப்படியே மறுபடி கணக்குப் போட்டவர்கள் 2023-இல் வெளியிட்ட எண் 35 சதவீதம். ஆய்வை நடத்தியவர்கள் இதை மறுத்திருக்கிறார்கள்; சண்டை ஓயவில்லை.

விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில், முதல் தடவையாக மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரை வைத்துத் தொடங்கியது மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பில் டாக்டர் ஆர். தாரா அதைத் தொடர்ந்து நடத்தினார். பத்தாண்டு முடிவில் 76 பேர் கையில் இருந்தார்கள். இருபதாண்டு முடிவில் 61 பேர். வீடு மாறி, ஊர் மாறி, சிலர் இறந்தும்போன ஒரு நகரத்தில் 20 வருடம் கழித்து மூன்றில் இரண்டு பங்கு பேரைப் பின்தொடர்ந்தார்கள் என்பது பெரிய காரியம். ஐந்து வாரச் சோதனையிலேயே கால்வாசிப் பேர் கழன்றுகொள்வது சாதாரணம். “எத்தனை பேர் முடித்தார்கள்? போனவர்களை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்?” இதற்கு நேராகப் பதில் சொல்பவரை நம்பலாம்.

எலி, மீன், மரபணு

எலி ஆய்வுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். எலிக்குக் குரல் கேட்கிறதா என்று யாரும் கேட்க முடியாது. டிப்ரஷன் மருந்துக்கு வெகுகாலம் பயன்பட்ட சோதனை: ஏற முடியாத கண்ணாடிக் குடுவையில் 25 டிகிரி தண்ணீர், எலியை ஆறு நிமிடம் விடுவார்கள். கடைசி நான்கு நிமிடத்தில் எவ்வளவு நேரம் நீந்தாமல் மிதந்தது என்று பார்ப்பார்கள். மிதந்தால் ‘நம்பிக்கை இழந்தது’. சும்மா மிதப்பதுதான் புத்திசாலித்தனம் என்று எலி கண்டுபிடித்திருக்கலாம் என்பதும் ஒரு கட்சி. எலியில் வந்த முடிவைக் கேட்டால், “எலியின் எந்த நடத்தை, மனிதரின் எந்த அவஸ்தைக்குப் பதிலாக நிற்கிறது?” என்ற ஒரு கேள்வி போதும்.

மூளை ஸ்கேன் படங்கள் இதைவிட மயக்கும். சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் மூளையைப் பார்த்ததும் வாதம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை, மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். கணக்கில் செய்ய வேண்டிய ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், மீனின் மூளையிலும் ‘செயல்பாடு’ ஒளிர்ந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதித்தால் சில தற்செயலாக ஒளிரத்தான் செய்யும் என்பதைக் காட்டவே அந்த வேடிக்கை. 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு இன்னும் கறாராகச் சொன்னது: மூளையின் அமைப்பையும் மனநலக் குணங்களையும் இணைத்துப் பேசும் ஆய்வுகள் நிலைத்து நிற்க, ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். வழக்கமாக நடந்ததோ இருபத்தைந்து பேர் அளவில். ஆகவே ஸ்கேன் படம் வந்தால் கேள்வி ஒன்றே: “எத்தனை பேர்?”

அப்படியானால் நம் ஊர் டாக்டர் ஏன் எம்ஆர்ஐ எழுதுகிறார் என்று கேட்கலாம். மனச்சிதைவைக் கண்டுபிடிக்க இல்லை. கட்டி, மூளையழற்சி போன்ற வேறு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள. இதில் ஒன்று மட்டும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. 2007-இல் ஹோசெப் டால்மாவ் குழு விவரித்த என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையின் ஏற்பிகளைத் தாக்கும் நோய், முதலில் மனநோய் மாதிரியே வரும். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு. சிலருக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும். சில நாள், சில வாரத்திலேயே தலைகீழ் மாற்றம், வலிப்பு, வாயிலும் கையிலும் விநோதமான அசைவுகள், பேச்சு நின்றுபோவது, காய்ச்சல் என்று வந்தால் மனநல மருத்துவரிடம் “மூளையழற்சியாக இருக்குமா, முதுகுத்தண்டு நீர் பார்க்கணுமா?” என்று கேட்டே ஆக வேண்டும். இதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது, தாமதித்தால் இழப்பு அதிகம்.

மரபணுவுக்கு வருவோம். டிப்ரஷனுக்கு ஒற்றை மரபணு, செரட்டோனின் மரபணு என்றெல்லாம் 2003 முதல் பரபரப்பாகப் பேசினார்கள். 2019-இல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்து, அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களைச் சரிபார்த்தபோது ஒன்றும் தேறவில்லை. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் காற்றில் போயின. இப்போது மனச்சிதைவில் 76,755 நோயாளிகளை வைத்து மரபணுத் தொகுப்பில் 287 இடங்களைக் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பங்கும் ஒரு சிட்டிகை உப்பு. “மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்” என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு மரபணுச் சோதனைக்கு ஆன்லைனில் எச்சில் டப்பா வாங்கி அனுப்ப வேண்டாம்.

இந்தப் பெரிய ஆய்வுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். அவர்களை வைத்துக் கட்டிய ஆபத்து மதிப்பெண் நம்மவர்களுக்கு அவ்வளவு பொருந்துவதில்லை. ஸ்கார்ஃபும் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டிலிருந்து சுமார் 3,000 பேரின் மரபணுவைப் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நயாசின் என்ற வைட்டமினை உடம்பு கையாளும் விதத்தோடு (வளர்சிதை மாற்றத்தோடு) தொடர்புள்ள ஓர் இடத்தைக் காட்டியது. “உங்கள் முடிவு எங்கள் ஆட்களிடம் பார்க்கப்பட்டதா?” என்ற கேள்வியில் வெட்கப்பட எதுவுமில்லை.

சோதனையில் சேரச் சொன்னால்

பேச்சு முடிந்ததும் சில நேரம் “எங்க ட்ரையலுக்கு ஆள் சேர்க்கிறோம்” என்பார்கள். முதலில் சிடிஆர்ஐ எண்ணை, அதாவது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டு எண்ணை, கேளுங்கள். அதில் ஆண்டும் மாதமும் இருக்கும். அந்தப் பதிவேட்டில் 2009 முதல் பதிவு கட்டாயம். இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் பக்கத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள்: தொடங்குமுன் பதிந்ததா, தொடங்கிய பின்னா; முதன்மை முடிவு எது, எத்தனையாவது வாரத்தில் அளக்கப்போகிறார்கள்; யார் யாரைச் சேர்க்க மாட்டார்கள். கடைசியது முக்கியம். குடிப்பழக்கம் உள்ளவர், பல மருந்துக்கும் கேட்காதவர் போன்றோர் வழக்கமாக வெளியே நிறுத்தப்படுவார்கள். மற்ற மருந்துகள் கேட்காததால் குளோசபின் எடுக்கும் உங்கள் அண்ணனுக்கு அந்த முடிவு பொருந்துமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். அங்கேயே கையெழுத்துப் போட அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம். ஓடுகிற மருந்தை நிறுத்துவார்களா, எத்தனை நாள். வெற்று மாத்திரை விழ வாய்ப்பு பாதிக்குப் பாதியா, மூன்றில் ஒன்றா. நோய் முற்றினால் யார் முடிவெடுத்து வெளியே எடுப்பார்கள். நடுராத்திரியில் எடுக்கும் தொலைபேசி எண் எது. சோதனை முடிந்தபின் மருந்து கிடைக்குமா. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி சோதனையில் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், அது சோதனையால் வந்தது என்றால் இழப்பீடும் உண்டு. நோயாளியால் அந்த நேரத்தில் முடிவெடுக்க இயலாது என்றால், வீட்டார் கையெழுத்து மட்டும் போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 99-வது பிரிவுப்படி மாநில மனநல ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

கேள்வி நேரம் இரண்டு நிமிடம்தான் என்றால், முன்கதையை விட்டுவிடுங்கள். “வணக்கம் டாக்டர். வெற்று மாத்திரைக் குழுவுக்கு எத்தனை புள்ளி குறைந்தது, எத்தனை பேர் முடித்தார்கள், பழைய மருந்தோடு சேர்த்துப் பார்த்தீர்களா?” இருபது வினாடிகூட ஆகாது. மைக்கைத் திருப்பிக் கொடுக்கும் முன் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், எண்களை வேகமாகத்தான் சொல்வார்கள்.